கேட்காமல் கொடுத்த சம்மதம்

ஜூன் 3, செவ்வாய்

புதிய பதிப்பு தயார், இப்போதே மாற்றலாமா, நாளை மாற்றலாமா என்று மூன்று மாதங்களாக லேப்டாப் கெஞ்சிக்கொண்டிருந்தது. இன்று காலை ஒன்பது மணிக்கு இரங்கி, மாற்றிக்கொள் என்று பொத்தானை அழுத்தினேன்.

"நல்லா ஓடுத மெஷின எதுக்குத் தொடுதீய?" என்றாள் வடிவு. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல், அதிலும் குறிப்பாக ஒலியியல், நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியர் கோமதிநாயகமாகிய எனக்கு, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவி தரும் தொழில்நுட்ப ஆலோசனை!

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. திரை விழித்தபோது எல்லாம் அழகாக இருந்தது. மூலையில் இருந்த படங்கள் நடுவுக்கு வந்திருந்தன. இதற்காக எத்தனை பொறியாளர்கள் உழைத்தார்களோ. சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வடிவிடம் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

பழுதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும் கருவி ஒன்று லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. ஓடவிட்டேன். ஐந்து நிமிடம் தீவிரமாகத் தேடிவிட்டு, "பிரச்சினை எதுவும் கண்டறியப்படவில்லை" என்றது. பல்கலைக்கழக விசாரணைக் குழு ஒன்றில் நானும் உறுப்பினராக இருந்தவன். இந்த நடை எனக்குப் பழக்கம்தான்.

பிறகு, "லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா? இரண்டே நிமிடத்தில் சரிசெய்யலாம்" என்ற காணொளியைப் பதினெட்டு நிமிடம் பார்த்தேன். அதில் வரும் ஆள் மிகத் தெளிவாக விளக்குகிறார் என்பது அவருடைய கையசைவிலிருந்தே தெரிந்தது. என்ன விளக்குகிறார் என்பதுதான் தெரியவில்லை, ஏனென்றால் அதைப் பார்த்ததும் அதே லேப்டாப்பில்தான்.

செல்போனில் பார்க்கலாமே என்றாள் வடிவு. செல்போன் ஒலியின் தரம் பற்றி எனக்குச் சில வருடங்களாகவே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

ரீஸ்டார்ட் செய்தது பதினோரு முறை. பலனில்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

குற்றம் டிரைவருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். டிரைவர் என்பது கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன் மாதிரி. கணினி புதிய மொழிக்கு மாறிவிட்டது, இவன் பழைய மொழியிலேயே நிற்கிறான். ஆளை மாற்ற வேண்டும். பட்டியலைத் திறந்து பழைய டிரைவரை நீக்கினேன். நீக்கிய பிறகுதான் அது ஒலிக்கானது அல்ல, வைஃபைக்கானது என்று தெரிந்தது. இப்போது ஒலியும் இல்லை, இணையமும் இல்லை.

இதை வடிவிடம் விளக்கினேன். அவள் ஏதோ "டெஸ்ட்" என்றாள். எல்லா டெஸ்டும் செய்தாகிவிட்டது, லேப்டாப்பில் இனி டெஸ்ட் செய்ய ஒன்றும் பாக்கி இல்லை என்றேன். என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனாள். சமீபகாலமாக இவள் என்னிடம் கத்திப் பேசுகிறாள், அல்லது முணுமுணுக்கிறாள். நடுத்தரமான ஒலியளவு என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள்.

ஜூன் 7, சனி

முருகன்குறிச்சியில் ரஹமத்நிசா என்ற பெண்மணி நடத்தும் கணினிக் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனேன். நாற்பது வயதிருக்கும். நான் டிரைவர் தத்துவத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கிக்கொண்டிருந்தபோதே, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவர் இரண்டையும் எடுத்துப் போட்டு முடித்துவிட்டார். ஒரு பாட்டை ஓடவிட்டார். சத்தம் வந்தது!

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றேன். கூட்டினார். "இன்னும் கொஞ்சம்." பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல பாட்டு போலிருக்கிறது.

அந்த அம்மையார் ஏதோ கேட்டார். வேலையில் கெட்டி, ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறவர். "சரி சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலை பத்து மணிக்கு ஹைதராபாத்திலிருந்து மகள் செவ்வந்தியின் வீடியோ கால். அங்கே விதை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

டிரைவர் பாதிதான் சரியாகியிருக்கிறது. குரல் வருகிறது, சொல் வரவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல். ஆனால் நடுவில் ஹைதராபாத் தெருவில் ஒரு பழைய பேப்பர்காரர் கத்திக்கொண்டு போனார். அவர் குரல் துல்லியமாகக் கேட்டது. ஆக, ஆண் குரலை விட்டுவிட்டுப் பெண் குரலை மட்டும் விழுங்குகிற டிரைவர் இது. விசித்திரமான பழுது. இதுபற்றி நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

உரையாடலில் எனக்குச் சிரமம் ஏதும் ஏற்படவில்லை. அவள் சிரித்தால் நானும் சிரித்தேன். நிறுத்தினால் "ரொம்ப நல்லதும்மா" என்றேன். எல்லாவற்றுக்கும் பொருந்தியது. எங்கள் பேச்சில் பெரிய விஷயங்கள் இருப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள், உடன் வேலை பார்க்கும் செல்வின் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளவா என்று கேட்டாள். நாசரேத் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பம். "இந்தப் பேச்ச இத்தோட விடு" என்றேன். விட்டுவிட்டாள். அதிலிருந்து ஹைதராபாத் வெயில், பாளையங்கோட்டை வெயில் என்ற இரண்டு தலைப்புகளில் எங்கள் பேச்சு சுமுகமாகவே நடக்கிறது. மற்றதை அவள் அம்மாவிடம் பேசிக்கொள்கிறாள்.

எனக்கு சாதி மத பேதம் கிடையாது. கல்லூரி ஆண்டு மலரில் "அறிவியலும் சமத்துவமும்" என்று ஆறு பக்கக் கட்டுரை எழுதியவன். ஆனால் வீட்டுக் கல்யாணம் என்பது கல்லூரி மலர் அல்ல.

ஜூன் 10, செவ்வாய்

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பதினாறு கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஹெட்போன் மாட்டிப் பார்த்தேன். கலங்கல் அப்படியேதான் இருக்கிறது.

வடிவு கடைக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கவனமாகக் காத்திருந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. சோறு கரியானது. இப்போது வரும் குக்கர்களின் தரம் இவ்வளவுதான்.

வாசல் மணியும் கெட்டுவிட்டது. கூரியர்காரர் கதவைத் தட்டித்தான் கூப்பிட்டார். இந்த வீட்டில் சத்தம் எழுப்பும் பொருள்கள் அனைத்தும் ஒரே மாதத்தில் பழுதாகின்றன. மின்னழுத்தத்தில் கோளாறு இருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

பக்கத்து வீட்டு குற்றாலிங்கம் வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கனத்த குரல், தெளிவான உச்சரிப்பு. இந்தத் தெருவில் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. நேத்து உங்க லேப்டாப்ல ஓடுன நியூசு பூரா எங்க அடுக்களைக்கே கேட்டுட்டு. எங்க வீட்டம்மா டிவிய அணைச்சுட்டு உங்க நியூசத்தான் கேட்டா."

தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி சுவரையும் ஊடுருவும், கூர்மையான ஒலி ஊடுருவாது என்று அவருக்கு விளக்கினேன். அரை மணி நேரம் மரியாதையாகக் கேட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய கால் வித்தியாசமாக இருந்தது. வடிவு லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு, "நீங்க பேசிட்டு இருங்க" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். வழக்கமாக அவள்தான் முதலில் உட்காருவாள்.

செவ்வந்தி சேலை கட்டியிருந்தாள். ஏதோ விசேஷம். என்னைப் பார்த்தும், பாதி நேரம் குனிந்துகொண்டும், நான்கு நிமிடம் ஒரே மூச்சாகப் பேசினாள். "அப்பா" என்பது மட்டும் ஐந்தாறு இடத்தில் பிடிபட்டது. பதவி உயர்வு என்று ஊகித்தேன். நெடுநாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் நன்றாகச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம்மா. அப்படியே செய்" என்றேன்.

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதவி உயர்வுக்கு இவ்வளவு உணர்ச்சி கூடாதுதான். கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டு, "ரொம்ப நன்றி சார்" என்றார். கணீரென்று கேட்டது. ஆண் குரல். பழுது பற்றிய என் கணிப்பு மறுபடியும் உறுதியானது. அலுவலக நண்பராக இருக்கும். "இருக்கட்டும் தம்பி" என்றேன்.

திரும்பினால் அடுக்களை வாசலில் வடிவு நிற்கிறாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மத்தியானம் பால்பாயசம் வைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

கேட்காமலேயே இரண்டு தடவை காபி வந்தது. சங்கரன்கோவிலில் இருக்கும் மைத்துனர் போன் செய்து, "அத்தான், நீங்க இப்படிச் செய்வியன்னு நான் நெனைக்கவே இல்ல" என்றார். லேப்டாப் விஷயம் அங்கேயும் பரவியிருக்கிறது. "பொறுமையா உக்காந்தா எல்லாம் சரியாவும்" என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார்.

ஜூன் 18, புதன்

காலையில் குற்றாலிங்கம் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. ஆயிரம் பேசலாம், தன் வீட்ல நடக்கையில எத்தன பேரு சரிம்பான்? பையன் கிறிஸ்தவனா இருந்தா என்ன, பிள்ளைக்குப் பிடிச்சிருக்குல்லா? உங்க வீட்டம்மா சொன்னாவ, மறுபேச்சு இல்லாம 'அப்படியே செய்'ன்னு சொன்னீயளாமே?"

தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சேலை, அந்த நான்கு நிமிடம், அந்தக் கண்ணாடிக்காரர். பழுதான டிரைவரால் நேர்ந்த பிழை இது. சொல்லாத வார்த்தைக்கு யாரும் பொறுப்பில்லை என்றால், கேட்காத வார்த்தைக்கு ஒருவர் கொடுத்த பதிலும் செல்லாது. இதை உடனே சொல்லிவிடுவது என்று அடுக்களைக்குப் போனேன்.

வடிவு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கல்யாணமாயி முப்பத்து மூணு வருசத்துல, ஒரு விசயத்த முழுசா கேட்டு, குறுக்க பேசாம, நீங்க சரின்னு சொன்னது இதான் மொத தடவ."

கீரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆதாரம் வேண்டும் என்று தீர்மானித்து ரஹமத்நிசாவின் கடைக்குப் போனேன். "ஜூன் 15 அன்று இந்த லேப்டாப்பின் ஒலி பழுதாக இருந்தது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் வைத்துத் தரும்படி கேட்டேன்.

அவர் லேப்டாப்பைத் திறந்து செய்தி ஒன்றை ஓடவிட்டார். ஒரு பெண் வாசிக்கும் செய்தி. "இதோ, பாத்தீங்களா? கலங்கல்" என்றேன். கடையில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், செவுத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க" என்று ரஹமத்நிசா கையால் காட்டினார். ஏதோ அதிர்வுப் பரிசோதனை என்று நினைத்து நின்றேன். வெகுநேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று திரும்பினேன்.

"அந்தம்மா உங்கள மூணு தடவ கூப்புட்டாங்க சார்" என்றார் வாடிக்கையாளர்.

ரஹமத்நிசா ஒரு தாளை எடுத்தார். நான் கேட்ட சான்றிதழ்தான் என்று நினைத்தேன். கொட்டை எழுத்தில் எழுதி என் பக்கம் தள்ளினார்: "லேப்டாப் ஏழாம் தேதியே சரியாகிவிட்டது. காதைக் காட்டுங்கள் சார்."

பிறகு கிட்டே வந்து சத்தமாகச் சொன்னார். "எங்க வாப்பாவும் ரெண்டு வருசமா டிவியத்தான் ரிப்பேர் பண்ணிட்டே இருந்தாவ."

கடைக்காரர்கள் மருத்துவம் பார்க்கக் கிளம்பியதுதான் இந்த நாட்டின் நிலைமை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சார்ஜரை மறந்து வைத்துவிட்டேன். அதை எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டியிருந்தது.

ஜூன் 21, சனி

அறிவியல் முறைப்படி ஒரு சாத்தியத்தை விலக்குவதற்காக மட்டும் காது மருத்துவமனைக்குப் போனேன். வடிவிடம் நூலகம் என்று சொல்லியிருந்தேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் நிறைய அழுத்தினேன். பிறகு நெடுநேரம் சும்மா இருந்தேன். பரிசோதித்த பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விடாமல் ஏதோ திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், அவர் சும்மா இருக்கவில்லை என்பது புரிந்தது.

வரைபடத்தைக் கொடுத்தார்கள். கிடை அச்சில் அதிர்வெண். ஆயிரம் வரை சமதளம். இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மலையிலிருந்து உருட்டிவிட்டது மாதிரி கீழே விழுகிறது. முப்பத்தொரு வருடம் இதே படத்தைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் ஆண். விளக்கமாகவே சொன்னார். "உயிரெழுத்தெல்லாம் கேக்கும் சார். மெய்தான் கேக்காது. பொம்பளைங்க குரல், மெல்லிசான சத்தம், விசில், மணி, இதெல்லாம் போயிருக்கும். ரெண்டு மூணு வருசமா இருக்கும். வீட்ல யாரும் சொல்லலையா?"

சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்காது.

இந்தத் தாள் ஒன்று போதும். பதினைந்தாம் தேதி எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று மருத்துவச் சான்றோடு நிரூபிக்கலாம். சம்மதம் ரத்தாகிவிடும். ஆனால் காட்டினால், ஒலியியல் பேராசிரியருக்குக் காது கேட்காது என்று எங்கள் பெருமாள்புரம் முழுக்கத் தெரியும். காட்டாவிட்டால் பெரிய மனசுக்காரனாக இருக்கலாம், ஆனால் மருமகன் செல்வின். இரண்டு பக்கமும் சமமாக எடை போட்டேன். தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

செவ்வந்தி அழைத்தபோது குளித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது நிமிடம் குளித்தேன்.

ஜூன் 25, புதன்

இரண்டு காதுக்கும் கருவி பொருத்திக்கொண்டேன். சோதனை முயற்சிதான்.

வெளியே வந்ததும் நின்றுவிட்டேன். செருப்புக்குச் சத்தம் இருக்கிறது. பேப்பரைப் புரட்டினால் முறுக்கு கடிப்பது மாதிரி இருக்கிறது. எங்கள் மின்விசிறி எத்தனை நாளாக இப்படி அழுகிறதோ. குக்கர் விசிலடித்தபோது தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப் நிறுவனத்துக்கு எழுதிய புகார்க் கடிதத்தை நல்லவேளையாக இன்னும் அனுப்பவில்லை.

வடிவு என் காதைப் பார்த்தாள். என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஆனால் தனக்குத்தானே பேசிக்கொண்டே வேலை செய்கிறாள் என்பதை இன்றுதான் அறிந்தேன். நான் குடித்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, "குடிச்ச டம்ளர எடுத்து வச்சா பேராசிரியர் பட்டத்தப் பறிச்சிருவாவளோ" என்றாள். சாதாரணமான குரலில்தான். எத்தனை வருடமாக என்பது தெரியவில்லை. மத்தியானம் டம்ளரை நானே எடுத்து வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணிக்கு வடிவு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். நான் அடுத்த அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பேசுவதும் கேட்டது. மறைந்து நின்று கேட்கவில்லை. சட்டைக்கு ஏழு பொத்தான்.

"அப்பா போன வாரம் ஏம்மா வரல? மனசு மாறிட்டாங்களா?" இது செவ்வந்தி. அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. லேசாகக் கரகரப்பு. அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அது உண்டு.

"மாறுததுக்கு என்ன இருக்கு? அன்னைக்கு அப்பாவுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதுட்டி. அதுக்காகத்தானே அன்னைக்கே சொல்லிருன்னேன். கேட்டிருந்தா உன்னப் பேசவா விட்டிருப்பாவ?"

"அம்மா!"

"பொறவு என்ன? ரெண்டு வருசமா காது டெஸ்டுக்குக் கூப்புடுதேன். நான் முணுமுணுக்கேனாம்."

நான் உள்ளே போனேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வடிவு எழுந்திருக்கப் போனாள். இரு என்றேன்.

செவ்வந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று சொல்வதாகத் தீர்மானித்திருந்தேன். நான்கு நாளாக ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இல்லம்மா. ஒரு எழுத்துகூடக் கேக்கல. காது போயிட்டு. இப்ப மெஷின் வச்சிருக்கேன். மறுபடி சொல்லு."

செவ்வந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குக் கிட்டே வந்தாள். பிறகு அவள் ஆரம்பித்தாள். இந்தத் தடவை குனியவில்லை.

"அப்பா, நான் உங்ககிட்ட சம்மதம் கேக்கல. கேட்டுப் பாத்தாச்சு, ரெண்டு வருசம் காத்துப் பாத்தாச்சு. அவர் பேரென்னன்னுகூட நீங்க ஒழுங்கா கேக்கல. அடுத்த மாசம் பதினொண்ணாந்தேதி ரெஜிஸ்டர் பண்ணுதோம். நோட்டீஸ் குடுத்தாச்சு. நீங்க வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். வரலைன்னாலும் நடக்கும். கோவத்துல சொல்லலப்பா. நான் காலேஜ் சேரும்போது ஊரெல்லாம் வேண்டாம்னப்போ நீங்கதான் கூட்டிட்டுப் போயி சேத்துவிட்டீங்க. உங்களுக்குத் தெரியாம ஒண்ணு செய்ய எனக்கு வரல. அதான் சொல்லுதேன்."

மூச்சு வாங்கினாள். "இதச் சொன்னப்போதான் நீங்க 'ரொம்ப சந்தோஷம், அப்படியே செய்'ன்னீங்க. நான் அழுதுட்டேன்."

பெருமாள்புரமும் சங்கரன்கோவிலும் சேர்ந்து பாராட்டிய அந்தச் சம்மதத்தை என்னிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. ஆனால் வடிவும் சிரித்துவிட்டாள்.

"அந்தத் தம்பி அங்கதான் இருக்காரா?" என்றேன். திரையின் ஓரத்தில் பாதித் தோள் தெரிந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார். முகம் வேர்த்திருந்தது.

"உங்க முழுப்பேரு என்ன தம்பி?"

"செல்வின் தங்கதுரை, சார்."

"ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு மூணு சாட்சி வேணுமே. ஆள் இருக்கா?"

"ரெண்டு பேர் இருக்காங்க சார். என் தங்கச்சியும், செவ்வந்தி கூட வேல பாக்குற ஒருத்தங்களும். மூணாவதுக்கு..." அவர் செவ்வந்தியைப் பார்த்தார்.

"மூணாவதா என் பேர எழுதிக்கோங்க" என்றேன்.

செவ்வந்தி குனிந்து எழுதிக்கொண்டாள். செல்வின்தான், ஆதார் அட்டையின் நகல் இரண்டு வேண்டும் என்றும், பத்தரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். செவ்வந்தியின் அம்மாவும் வருகிறார்தானே என்றும் கேட்டார். பிறகு அரை மணி நேரம் அவர்கள் மூன்று பேரும் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளை காலை கடை திறந்ததும் நகல் எடுக்க வேண்டும். இரண்டு.